துரை தண்ணீர் இழுத்த கோடை

எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கும் நம்மைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அவர்கள் வைத்திருக்கும் எதையும் நாம் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம் என்று நினைக்கிறார்கள். போன மாதம் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் ஓர் இளைஞர் நாயோடு ஏறினார். சாம்பலும் வெள்ளையுமாக ஓநாய் முகம், நீலக் கண்கள், முதுகின் மேல் சுருண்டு கிடந்த வால். நான் மூலையில் ஒதுங்குவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"பயப்படாதீங்க ஆன்ட்டி, கடிக்காது. இது பனி ஊர் நாய். ஹஸ்கின்னு பேரு. நம்ம ஊர்ல இப்பத்தான் வளர்க்க ஆரம்பிச்சிருக்காங்க" என்றார்.

நான் குனிந்து அதன் காதுக்குப் பின்னால் இரண்டு விரலால் அழுத்தித் தேய்த்தேன். அது கண்ணை மூடிக்கொண்டது.

"எங்க வூட்ல ஒண்ணு இருந்துச்சு தம்பி. ராயபுரத்துல. நான் ஆறாவது படிக்கும்போது."

வூடு என்ற சொல் என் வாயில் வந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தன் வீட்டில் நாயின் அறைக்குத் தனியாக ஏசி வைத்திருப்பதாகச் சொன்னார். "வெயில் தாங்காது ஆன்ட்டி. ஆனா அதுக்காக முடிய மட்டும் வெட்டிடக் கூடாது. தெரியும்தானே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எட்டாவது மாடி வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். கல்மண்டபத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவே தெருக்குழாயில் குடம் வரிசை போட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஹார்பரில் விஞ்சு ஓட்டினார். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து சரக்கை இரும்புக் கயிற்றில் தூக்கி வெளியே எடுக்கும் யந்திரம் அது. நைனா குள்ளமான மனிதர். ஆனால் வேலை முடிந்து தெருவுக்குள் நடந்து வரும்போது அந்த நடையில் ஒரு கப்பலின் கனம் இருக்கும். "எம்மாம் பெரிய கப்பலா இருந்தாலும் என் கை அசைஞ்சாத்தான் காலியாவும்" என்பார். நானும் அதை அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி இரண்டு பேரோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலை இன்னும் பிரிக்கவில்லை. சாயங்காலம் நைனா தெருமுனையில் திரும்பியபோது அவர் கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் துரை இருந்தது.

தெரு முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. "ஓநாய்! ஓநாய்!" என்று யாரோ கத்தினார்கள். எதிர்வீட்டு அத்தை கோழி வளர்ப்பவள். நாலு கோழிகளையும் கூடைக்குள் தள்ளி, கூடையின் மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"இன்னாய்யா இது?"

"நாய்."

"நாய்க்கு இன்னாத்துக்குக் கண்ணு இப்டி கீது? வெள்ளக்காரத் தொர மாதிரி முழிக்குது."

"தொரதான். கப்பல்ல வந்த தொர."

அதற்குப் பெயர் அப்படித்தான் விழுந்தது. முன்னால் வேறொரு பெயர் இருந்திருக்கிறது. நைனாவால் அதைச் சொல்ல முடியவில்லை. பனி ஊர் ஒன்றிலிருந்து காகித உருளைகளை ஏற்றிவந்த கப்பலில் ஒரு சமையல்காரர் இருந்தாராம். கப்பல் நின்ற நாலு நாளும் நைனாவின் மத்தியானச் சோற்றையும் அம்மாவின் மீன் குழம்பையும் பங்குபோட்டுச் சாப்பிட்டவர். குட்டியிலிருந்து தான் வளர்த்த நாயை இனிமேல் கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்று புதுக் கேப்டன் சொல்லிவிட்டாராம். கடலில் தள்ளவும் மனசில்லாமல் கூட வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல், நைனாவின் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். நாயை ஹார்பரைத் தாண்டி எப்படிக் கொண்டுவந்தார் என்பதை நைனா கடைசிவரை சொல்லவில்லை.

துரையின் கழுத்தில் முறுக்கிய சணல் பட்டை ஒன்றும் அதில் ஒரு செப்புத் தகடும் இருந்தன. தகட்டில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. சணல் நாறுகிறது என்று அம்மா அதைக் கழற்றி அடுப்பு மாடத்தில் வைத்தாள். பிறகு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இப்போது என்றால் அந்த எழுத்தைப் படித்துச் சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். துரையின் உண்மையான பெயர் என்ன என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அது எங்களோடு சேர்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. குருணைக் கஞ்சியில் காரப்பொடி மீனைப் போட்டு அம்மா வேகவைத்தாள். முதல் நாள் துரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரண்டாம் நாள் தட்டோடு சேர்த்து நக்கியது. கருவாடு வாசம் என்றால் அதற்கு உயிர். கருவாட்டுப் பானையின் மூடி அசைகிற சத்தம் கேட்டால் தெருக்கோடியிலிருந்து வந்து நிற்கும்.

குரைக்கவே குரைக்காது. ஆலைச் சங்கு ஊதினால் தலையைத் தூக்கி நீளமாக ஊளையிடும். கோயில் மணி அடித்தால் அதற்குக் கொஞ்சம் மெலிதாக இன்னொரு ஊளை. முதலில் எல்லோரும் பயந்தார்கள். பத்து நாளில், "தொர ஊதிட்ச்சு, உலை வை" என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நைனா அதைக் காவல் நாய் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். "என் நாய் இருக்கும்போது எவன் உள்ள நுழைவான்?" என்று டீக்கடையில் சவால் விட்டார். மூன்றாவது வாரம் ஒருவன் நுழைந்தான். பட்டப்பகலில், அம்மா மாவு மிஷினுக்குப் போயிருந்த நேரம். வாசலில் படுத்திருந்த துரையைத் தாண்டி உள்ளே போய், அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளை அண்டாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். துரை அவன் பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு தெருமுனைவரை வழியனுப்பப் போனதை அத்தை தன் வீட்டுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறாள். உறவுக்காரன் என்று நினைத்தாளாம். நைனா ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அம்மா அந்த அண்டாவைப் பற்றி அதற்கப்புறம் முப்பது வருஷம் பேசினாள்.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. துரைக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாக, பஞ்சு மெத்தையைப் பிரித்துப் போட்டதுபோல. பாயில், கொடியில் காய்ந்த துணியில், குழம்பில், என் கணக்கு நோட்டில் எல்லாம் முடி. நாக்கு ஒரு சாண் வெளியே தொங்க, தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈரத்தில் போய் ஒண்டிக் கிடக்கும். நைனா அதைப் பார்த்துவிட்டு, "நாம கம்பளி போத்திகினு வெயில்ல குந்தினா எப்டி இருக்கும்? அதான் அதுக்கு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

பூவரச மரத்தடியில் உட்காரும் முடிதிருத்துகிறவரைக் கூட்டிவந்தார். அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "மனுசன் தலைன்னா சொல்லு" என்றார். பிறகு சம்மதித்தார். கத்தரியால் ஒரு மணி நேரம், கத்தியால் ஒரு மணி நேரம். துரை அசையாமல் நின்றது. முடிந்தபோது பெரிய தலையும் இளஞ்சிவப்பு உடம்புமாக, உரித்த ஆடு ஒன்று நடந்து வருவதுபோல இருந்தது. தெரு சிரித்தது. நான் வீட்டுக்குள் ஓடிப்போனேன்.

மூன்றாம் நாள் முதுகெல்லாம் கொப்புளம். பிறகு தோல் உரிந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவி, தன் பழைய வாயல் புடவையை நாலாக மடித்து வயிற்றோடு சுற்றிக் கட்டினாள். அந்தப் பஞ்சு மெத்தைதான் அதற்கு நிழல் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அடுத்த நாளிலிருந்து காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த என் மாமா, தினமும் மத்தியானம் மரத்தூளில் புதைத்த ஐஸ் துண்டுகளைக் கோணியில் கட்டி எங்கள் வாசலில் இறக்கினார். நைனா போய்க் கேட்டிருக்கிறார். யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர் அவர். துரை அந்தக் கோணியின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு, ஐஸ் கரைந்து தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மரத்தூளும் மீனும் ஈர நாயும் கலந்த அந்த வாசனை ஊரில் எங்கள் வாசலில் மட்டும்தான் இருந்தது.

தோல் ஆறி வந்த நாட்களில்தான் கோழி விஷயம் நடந்தது. ஒரு காலையில் நான் கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அத்தையின் நாலு கோழிகளும் அவள் வாசலில் கிடந்தன. துரை நாலாவதை வாயில் கவ்விக்கொண்டு வந்து, எனக்குப் பரிசு கொடுப்பதுபோல என் காலடியில் வைத்தது.

அத்தை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அம்மா சந்தை வரை போய் நாலு கோழி வாங்கிவந்து நீட்டினாள். "பேரு சொல்லிக் கூப்ட்டா வர்ற கோழிடி அதுங்க. இது யாருக்கு வேணும்?" என்று சொல்லி அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கே யாரையோ பிடித்து மனு எழுதவைத்து, நாய் பிடிக்கும் ஆபீசுக்கு அனுப்பினாள். அது எங்களுக்குத் தெரியாது. எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் தெரியும்.

சித்திரையில் குழாய் வறண்டது. உங்களுக்கு நினைவிருக்கும். அடிபம்பு உப்பாகிவிட்டது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ரயில் பாதையைத் தாண்டி, ஒரு மைல் நடந்து, அங்கிருந்த ஒற்றைக் குழாயில்தான் பிடிக்க வேண்டும். அம்மா இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. எனக்கு ஒரு சின்னக் குடம். பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் கழித்துப்போட்ட பேரிங்குகளைச் சக்கரமாக வைத்து மாமா ஒரு பலகை வண்டி செய்து கொடுத்தார். அதில் நாலு குடம் நிற்கும். இழுக்கத்தான் முடியவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் துரையும் கூட வந்தது. குடத்தை ஏற்றும்போது இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதன் கயிற்றை வண்டியின் முன்பக்கக் கொக்கியில் மாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. கயிறு இறுகியதும் துரையின் காதுகள் பின்னால் போயின. தலையைத் தாழ்த்தி, தோளை முன்னால் தள்ளி, நாலு காலையும் தரையில் ஊன்றி, வண்டியை நகர்த்தியது. நடந்தது. பிறகு ஓடியது. நான் பின்னால் ஓடினேன். குடங்களில் பாதித் தண்ணீர் ரோட்டில் சிந்தியது. வாசலில் வந்து நின்று திரும்பி என்னைப் பார்த்தது பாருங்கள், மூன்று மாதமாக எங்கள் வீட்டில் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்த நாய் அது இல்லை. அது எதற்காகப் பிறந்ததோ அதைக் கண்டுபிடித்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க வைத்தவள் நான்.

நைனா அன்று சாயங்காலம் ஹார்பரிலிருந்து கிழிந்த கித்தான் பட்டை கொண்டுவந்தார். மூட்டை தூக்கும் பட்டை. துரையின் மார்பை அளந்து, உள்பக்கம் அம்மாவின் பழைய போர்வைத் துணியை வைத்து, கோணி ஊசியால் தானே தைத்தார். கழுத்தில் அழுத்தாமல் மார்பில் விழுகிறமாதிரி. "கயிறு எங்க புடிக்கணும்னு விஞ்சுமேனுக்குத் தெரியாதா?" என்றார். திருடன் வந்த நாளுக்கப்புறம் அவர் குரலில் பழைய கனம் திரும்பியது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் தினமும் விடியும்போது மூன்று நடை. முதல் நடை எங்களுக்கு, மற்ற இரண்டு நடையும் தெருவுக்கு. தண்ணீர் எடுக்க ஆளில்லாத வீடுகள், கைக்குழந்தைக்காரிகள், முட்டிவலிக்காரர்கள் எல்லோரும் தங்கள் குடத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பேரிங் சக்கரம் ரோட்டில் கரகரவென்று வரும் சத்தம் கேட்டால் கதவு திறக்கும். ஓநாய் என்று சாத்திய அதே கதவுகள். நான் வண்டிக்குப் பக்கத்தில் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பள்ளியில் நான் சுமாரான பெண். பாட்டும் வராது, கணக்கும் வராது. அந்த வண்டிக்குப் பக்கத்தில் நடக்கும்போது மட்டும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அத்தைக்கு முட்டி வீங்கிவிட்டது. அவளுடைய தவலை அவள் வாசலிலேயே காலியாகக் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கி வண்டியில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

வைகாசியில் ஒருநாள் காலை எட்டு மணி இருக்கும். கடைசி நடை முடித்துத் தெருவுக்குள் நுழைகிறோம். நாய் பிடிக்கும் வண்டி நின்றுகொண்டிருந்தது. காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் கையில் சுருக்குக் கம்பி. துரை அவர்களைப் பார்த்து வாலை ஆட்டியது.

"பாப்பா, தள்ளிக்கோ" என்றார் ஒருவர். "மனு வந்துகீது. இந்தத் தெருவுல ஓநாய் ஒண்ணு கோழிய அடிச்சிகினு திரியுதாம். இதானா அது?"

நான் துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். நைனா வேலைக்குப் போய்விட்டார். அம்மா ஓடிவந்தாள். "யாருய்யா மனு போட்டது? இது எங்க வூட்டு நாய்யா, தெருநாய் இல்ல."

"யாரு போட்டா எனக்கு இன்னாம்மா? பேப்பர் கீது. புடிச்சிகினு போவணும்."

வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அத்தை ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கி வந்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. இதானே?"

"இதேதான். என் நாலு கோழியும் போச்சு, மெய்தான். அத்த நான் இந்த வூட்டுக்காரிகிட்ட கேட்டுக்கறேன். நடுவுல நீ யாருய்யா? மாசிமாசம் போட்ட மனுவுக்கு வைகாசில வர்றியே, இத்தினி நாளு எங்க போயிருந்தே? இப்ப இந்த வண்டில கீது பாரு தவலை, அது யாருதுன்னு தெரியுமா? என்னுது. அது இழுத்தாந்தாத்தான் என் வூட்ல ஒலை கொதிக்கும். புடிக்கறதுன்னா புடி. நாளையிலேர்ந்து நீயே வந்து இழு."

சிரிப்பு எந்த வீட்டிலிருந்து ஆரம்பித்தது என்று தெரியவில்லை. கம்பி வைத்திருந்தவரும் சிரித்துவிட்டார். மற்றவர் துரையைச் சுற்றி வந்து மார்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இது நாயாம்மா, மாடா?"

"எங்க தெருவுக்கு ரெண்டும் அதான்" என்றாள் அத்தை.

லைசென்ஸ் எடுத்துக் கழுத்தில் வில்லை கட்டச் சொல்லிவிட்டு வண்டி போனது. அத்தை இரண்டு மாதத்துக்கப்புறம் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை இது: "தண்ணி தளும்பிகினே வருது. கொடத்து வாயில துணி கட்டி எடுத்தாரச் சொல்லு உம் பொண்ணுகிட்ட."

அந்த வாரம் நைனா எங்களை போட்டோ ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். என்னையும் துரையையும் மட்டும் நிற்க வைத்து எடுத்தார்கள். பிளாஷ் வெடித்ததும் துரை தலையைத் திருப்பிவிட்டது. படத்தில் நான் தெளிவாக இருக்கிறேன். பக்கத்தில் ஒரு வெள்ளைப் புகை. பிறகு வீடு மாறியபோது அதுவும் தொலைந்தது. உங்களில் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் நாலு பிரதி போட்டுத் தெருவில் கொடுத்தோம்.

பெருமை தலைக்கு ஏறுவதும் அப்போதுதான் நடந்தது. நைனாவோடு வேலை செய்கிறவர்கள் துரையைப் பார்க்க வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பதினோரு மணிக்கு. "ஆறு கொடம் ஏத்து" என்றார் நைனா. அம்மா வேண்டாம் என்றாள். நான் ஏற்றினேன். ரோட்டில் தார் இளகி, செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். துரை இழுத்தது. இரண்டாவது முறை தெருமுனையில் திரும்பும்போது பின்னங்கால்கள் மடங்கின. வாயில் நுரை வந்தது. கண்ணின் நீலம் வெளுத்துப்போனது.

நைனா பட்டையைக் கத்தியால் அறுத்தார். துரையைத் தோளில் போட்டுக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடினார். யந்திரம் வைத்துத் தூக்குகிற அந்தக் குள்ள மனிதர், தன் எடையில் பாதி இருந்த நாயை அன்று வெறும் உடம்பால் தூக்கிக்கொண்டு ஓடினார். ஐஸ் கம்பெனியின் ஈரத் தரையில் மாமா கோணிகளை விரித்தார். இரண்டு நாள் துரை அங்கேயே கிடந்தது. நைனா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் கருவாடு கொண்டுபோனேன். துரை மூக்கை அசைத்தது. நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு மழை வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. முடி வளர்ந்து துரை மறுபடி துரையாயிற்று. அடுத்த தை மாதம் ஒரு சாயங்காலம் நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தக் கப்பல் வந்துகீது" என்றார்.

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் சமையல்காரர் வந்தார். நரைத்த தாடி, சிவந்த கைகள். வாசலில் நின்று, எங்கள் காதுக்குப் பிடிபடாத அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். துரை எழுந்து நின்றது. உடம்பெல்லாம் நடுங்கியது. பிறகு அவர் மேல் பாய்ந்து அவரைக் கீழே தள்ளிவிட்டது. அவர் தெருப் புழுதியில் உட்கார்ந்தபடியே அதன் முடிக்குள் கையை விட்டு விலா, கால், பல் எல்லாவற்றையும் பார்த்தார். மார்பில் பட்டை உராய்ந்து தழும்பேறிய இடத்தில் கை நின்றது. நைனா ஹார்பர் இங்கிலீஷில் விளக்கினார். நான் வண்டியைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். அது பாராட்டு என்பது எனக்கு மொழி தெரியாமலே புரிந்தது. முடி வெட்டியதையும் வெயிலில் விழுந்ததையும்கூட நைனா மறைக்கவில்லை. சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் நாயைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கேப்டன் மாறிவிட்டதாகவும், தான் வேலையை விட்டு ஊருக்குப் போவதாகவும், அங்கே இப்போது இடுப்பளவு பனி என்றும் மட்டும் சொன்னார். சாயாவைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கப்பல் இன்னும் மூன்று நாள் நிற்கும்.

நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ சொல்லு. உன்னுதுதான் அது. அத்த இழுக்க வெச்சது நீ."

பதினோரு வயதில் அது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. தன்னால் சொல்ல முடியாததை அவர் என் தலையில் வைத்துவிட்டார் என்பது இப்போது தெரிகிறது. ஆனாலும் எனக்குக் கோபமில்லை. அவர் வேறு யாரையாவது கேட்டிருந்தால்தான் கோபப்பட்டிருப்பேன்.

"மறுபடி வெயில் வரும் இல்ல நைனா?"

"வரும்."

"அப்ப போவட்டும்."

அம்மா உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். நைனா என் தலைமேல் கையை வைத்து, ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, தெருவே ஹார்பர் கேட்டு வரை வந்தது. மாமா வந்தார். முடிதிருத்துகிறவர் வந்தார். அத்தை ஒரு காலை இழுத்துக்கொண்டே அவ்வளவு தூரம் நடந்து வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அவித்த முட்டையை உரித்துத் துரைக்குக் கொடுத்தாள். "இந்தா, இத்தயாவது கேட்டுத் துன்னு" என்றாள்.

கேட்டில் பேரேட்டோடு உட்கார்ந்திருந்த குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நாய் ஒன்று வெளியே அனுப்பப்படுகிறது என்று எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்து, "சொந்தக்காரர் பேரு?" என்று கேட்டார்.

ஒரு வருஷமாக டீக்கடையிலும் ஹார்பரிலும் என் நாய், என் நாய் என்று சொல்லித் திரிந்த மனிதர், தன் இனிஷியலை முன்னால் வைத்து என் பெயரைச் சொன்னார்.

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "இந்தப் பாப்பாவா?"

"ஆமா. அதுதான் சொந்தக்காரி. அது முகத்தப் பாத்து எழுதிக்கோ" என்றார் நைனா.

கயிற்றைச் சமையல்காரர் கையில் நானே கொடுத்தேன். அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேராக நின்றுகொண்டு, தெரு மொத்தமும் பார்க்க அழுதேன்.